பெற்றோர் சொல் அம்பலம் ஏறுமா? கலிபோர்னியப் பள்ளிகளின் ஈலாக் குழுக்கள்

கலிபோர்னியாவில் பிள்ளையை முதன்முதலாக அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால், நிரப்பித் தரவேண்டிய படிவங்களுக்கு நடுவே வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்றும் இருக்கும். கேள்விகள் நான்குதான். பிள்ளை பேசத் தொடங்கியபோது முதலில் பேசிய மொழி எது? வீட்டில் இப்போது அதிகம் பேசுவது எது? நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசுவது எது? வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசுவது எது? முதல் மூன்றில் ஒன்றுக்குத் ‘தமிழ்’ என்று எழுதினாலே போதும், சேர்ந்த 30 நாட்களுக்குள் ‘எல்பாக்’ என்கிற ஆங்கிலத் தேர்வு வைத்துவிடுவார்கள். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கையும் சோதிப்பார்கள். போதுமான மதிப்பெண் வராவிட்டால் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘ஈ.எல்.’ என்று குறிப்பு ஏறிவிடும். ஆங்கிலம் பயிலும் மாணவர் என்று அர்த்தம்.

அப்புறம் கொஞ்ச நாளில் வீட்டுக்கு இன்னொரு தாள் வரும். ‘ஈலாக்’ என்கிற பெற்றோர் ஆலோசனைக் குழுவின் கூட்டம், காலை எட்டரை மணி, பள்ளி நூலகத்தில், ஈ.எல். பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் வருக. பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் பீட்சா விற்பனை, புத்தகச் சந்தை அறிவிப்புகளோடு சேர்ந்து பழைய காகிதக் கூடைக்குப் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் அதைப் பிரித்துப் படித்தவர்களே குறைவு.

போகவேண்டிய கூட்டம் அது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் போல நிதி திரட்டவும் விழா நடத்தவும் கூடுகிற சங்கம் இல்லை. மாநிலச் சட்டம் பள்ளிகளின் மேல் கட்டாயமாக்கிய குழு. அது பெற்றோருக்குத் தருவது ஆலோசனை சொல்லும் உரிமையை மட்டும்தான், முடிவெடுக்கும் அதிகாரத்தை இல்லை. இதைக் கேட்டதுமே பலருக்கு ஆர்வம் போய்விடுகிறது. ஆனால் அந்த ஆலோசனை எழுத்தில் பதிந்து, உரிய மாதத்தில், உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தால் நிர்வாகம் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வாய்வார்த்தையாக நின்றுவிட்டால் அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். இந்தக் குழுக்களின் பலமும் பலவீனமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

எங்கிருந்து வந்தது

கதை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. 1970 வாக்கில் அந்த நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளில் சுமார் 1,800 பேருக்குத் தனி உதவி எதுவும் கிடைக்கவில்லை. மற்றவர்களோடு அதே வகுப்பு, அதே புத்தகம். டீச்சர் பேசுவது மட்டும் ஒன்றும் புரியாது. அவர்கள் சார்பில் போட்ட வழக்குதான் லாவ் எதிர் நிக்கோல்ஸ். 1974 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது. பாடமொழி புரியாத பிள்ளைக்கு உருப்படியான கல்வியின் கதவே அடைபட்டுவிடுகிறது என்பதுதான் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை.

எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை. தனியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், தாய்மொழியிலேயே பாடம் நடத்தலாம், வேறு வழியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. அப்படியானால் எந்த வழி என்று யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

கலிபோர்னியா 1976இல் சகோன்-மாஸ்கோனி இருமொழிக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கு ஒரு பெற்றோர் குழு, மாவட்டத்துக்கு ஒரு பெற்றோர் குழு என்ற ஏற்பாடு அதிலிருந்து வருகிறது. (இங்கே மாவட்டம் என்றால் பள்ளி மாவட்டம். ஒரு சிறு நகரத்துக்கே தனி மாவட்டம், தனி நிர்வாகம், தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட தனி வாரியம் இருக்கும்.) அந்தச் சட்டம் 1987 ஜூன் 30இல் காலாவதியானது. நீட்டிக்க வந்த மசோதாவுக்கு ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் ஒப்புதல் தரவில்லை. சட்டம் போனாலும் குழுக்கள் போகவில்லை. 1979 ஜனவரி 1 அன்று நடைமுறையில் இருந்த பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் தொடர வேண்டும் என்று கல்விச் சட்டத் தொகுப்பின் இன்னொரு மூலையில் ஒரு வரி இருந்தது. இன்றைய ஈலாக்கும் அதன் மாவட்ட வடிவமான டீலாக்கும் பெருமளவு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவை. ஒரு முழுச் சட்டம் செத்தபிறகும் பெற்றோருக்கான நாற்காலியை மட்டும் யாரும் எடுத்துப் போட முடியவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பெற்றோர் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1996 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒன்பதாம் தெருத் தொடக்கப் பள்ளியில், ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளான பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பல நாட்கள் பள்ளிக்கு அனுப்பாமல் போராடினார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் பாடம் நடத்தியது போதும், ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் போராட்டத்தை உதாரணம் காட்டித்தான் தொழிலதிபர் ரான் அன்ஸ் 227ஆம் முன்மொழிவை மாநில மக்களின் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 1998 ஜூனில் 61 சதவீத ஆதரவோடு அது நிறைவேறி, இருமொழி வகுப்புகள் பெரும்பாலும் மூடப்பட்டன. அதன்பிறகு தாய்மொழி வழி வகுப்பு வேண்டும் என்கிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கு நேரில் போய்க் கையெழுத்திட்டு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2016 நவம்பரில் 58ஆம் முன்மொழிவு 73 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி அந்தத் தடையை நீக்கியது. இப்போது ஒரு பள்ளியில் 30 பிள்ளைகளின் பெற்றோரோ ஒரே வகுப்புநிலையில் 20 பிள்ளைகளின் பெற்றோரோ குறிப்பிட்ட மொழித் திட்டம் ஒன்றைக் கேட்டால், முடிந்த அளவுக்கு அதை ஏற்படுத்தித் தர மாவட்டம் முயல வேண்டும்.

1996இல் ஆங்கிலம் கேட்டவர்களும் 2016இல் இருமொழி கேட்டவர்களும் எதிரெதிர் முகாம்கள் போலத் தெரிவார்கள். இரண்டு பக்கத்தாரின் மனக்குறையும் ஒன்றுதான். எங்கள் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அது. ஒன்பதாம் தெருப் பெற்றோரை உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், அந்த ஒரு பள்ளியின் விவகாரம் மாநிலம் முழுவதற்குமான தடையாக வளர்ந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

விதி என்ன சொல்கிறது

ஒரு பள்ளியில் 21 ஈ.எல். பிள்ளைகள் இருந்தால் ஈலாக் வைத்தே ஆகவேண்டும். மாவட்டத்தில் 51 பேர் இருந்தால் டீலாக். பள்ளி மாணவர்களில் ஈ.எல். பிள்ளைகள் எத்தனை சதவீதமோ, குறைந்தது அத்தனை சதவீத இடம் குழுவில் அவர்கள் பெற்றோருக்குப் போகவேண்டும். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் ஈ.எல். பெற்றோர்தான், தலைமையாசிரியர் தனக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ள முடியாது. குடியுரிமை, விசா எதுவும் இதில் கணக்கில்லை. டீலாக்கில் பெரும்பான்மையோர் மாவட்டத்தில் வேலை பார்க்காத ஈ.எல். பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு அவர்கள் பொறுப்பு என்ன என்று பயிற்சி தருவது மாவட்டத்தின் கடமை. அந்தப் பயிற்சியை எப்படி நடத்துவது என்பதையும் உறுப்பினர்களைக் கலந்தே திட்டமிட வேண்டும்.

ஈலாக்குக்கு உள்ள வேலைகளில் முக்கியமானது, பள்ளி ஒவ்வொரு வருடமும் எழுதும் மாணவர் முன்னேற்றத் திட்டத்தில் ஈ.எல். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று சொல்வது. பள்ளியின் தேவைகளைக் கணக்கெடுக்க உதவுவது, பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வருவதன் அவசியத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது ஆகியவையும் பட்டியலில் உண்டு. இந்தக் கடைசி வேலைதான் பல பள்ளிகளில் முதல் வேலையாகிவிடுகிறது. வருகைப்பதிவு பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டால் கூட்டம் நடத்திய கணக்கு வந்துவிடும், யாருக்கும் சங்கடமும் இல்லை.

ஒரு கூட்டம்

நான் உட்கார்ந்து பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளிக் கூட்டத்தைச் சொல்கிறேன். நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், மாநிலத்தின் நிலவரமும் அப்படித்தான். கலிபோர்னியாவின் சுமார் 10 லட்சம் ஈ.எல். பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வாசலில் கையெழுத்துத் தாள். மொழிபெயர்ப்பாளர் பின்வரிசையில் உட்கார்ந்து சின்ன ஒலிவாங்கியில் தாழ்ந்த குரலில் சொல்ல, காதுக்கருவி மாட்டிய அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் திரையில் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்பாக் முடிவு, வருகை விகிதம், கணித மதிப்பெண். அத்தனையும் வண்ணக் கோடுகள். முப்பது நிமிடம் அதிலேயே போனது.

அதன்பிறகு ஓர் அம்மா கை தூக்கினார். மகன் ஏழாம் வகுப்பு. முதல் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறான், ஆங்கிலம்தான் பேசுகிறான், வீட்டிலும் தங்கையோடு ஆங்கிலம்தான். இன்னும் ஈ.எல். என்றே வைத்திருக்கிறீர்கள், அந்தத் தனி ஆங்கில வகுப்பு நேரத்தில்தான் இசைக்குழு வகுப்பும் வருகிறது, அவனுக்கு டிரம்பெட் வாசிக்க ஆசை, ஏன் சேர முடியவில்லை என்று கேட்டார். தலைமையாசிரியர் தன்மையானவர்தான். “நல்ல கேள்வி, கூட்டம் முடிந்ததும் நாம் தனியாகப் பேசுவோம்” என்றார். அம்மா தலையாட்டினார். அடுத்த வரைபடம் வந்தது.

பிறகு பார்த்த கூட்டக் குறிப்பில் ‘கால அட்டவணை பற்றிப் பெற்றோர் கேள்வி எழுப்பினர்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது.

தனியாகப் பேசியதில் அந்தப் பையனுக்கு ஏதாவது வழி பிறந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவன் ஒருவனுடையது இல்லை. அவனைப் போல ஏழெட்டு வருடமாக ஈ.எல். என்றே இருந்து, விருப்பப் பாடங்களை இழக்கிற பிள்ளைகள் பள்ளிக்குப் பள்ளி இருக்கிறார்கள். நீண்டகால ஈ.எல். மாணவர் என்று அவர்களுக்குச் சட்டத்திலேயே தனி வரையறை உண்டு, 2012இல் கொண்டுவந்தார்கள். அன்று அந்த அறையிலேயே இன்னும் நான்கு பேருக்கு அதே கேள்வி இருந்திருக்கும். தனியாகப் பேசுவோம் என்ற கனிவான வார்த்தை, பொதுப் பிரச்சினையை ஒரு வீட்டுப் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டது. இதைத்தான் நான் இந்தக் குழுக்களின் பெரிய ஓட்டை என்பேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. குறிப்பில் ஏறாத கேள்வி அதிகாரத்தின் படிக்கட்டில் ஏறாது, அவ்வளவுதான்.

அன்று என்ன செய்திருக்கலாம்? இந்தக் கூட்டங்களுக்குக் கிரீன் சட்டம் என்ற ஒரு சட்டம் பொருந்தும். நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தில், அவசரம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாலொழிய, குழு முடிவெடுக்கக் கூடாது. அதனால் அந்த இடத்திலேயே தீர்மானம் போட வழியில்லை. “இதை அடுத்த கூட்ட நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் கேட்டதைக் குறிப்பில் முழுதாக எழுதுங்கள்” என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. அடுத்த கூட்டத்தில் விவாதித்து, ‘இசை வகுப்பு நேரத்தோடு தனி ஆங்கில வகுப்பு மோதாதபடி அட்டவணை போட வேண்டும் என்று ஈலாக் பரிந்துரைக்கிறது’ என ஓட்டெடுத்து எழுதிவிட்டால், அது பள்ளித் திட்டத்தை எழுதும் பள்ளி மன்றத்தின் மேஜைக்குப் போகும். மாநிலக் கல்வித் துறையிலிருந்து கண்காணிப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதும் நிகழ்ச்சி நிரல், கையெழுத்துத் தாள், கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத்தான். காகிதத்துக்காக நடத்துகிற கூட்டம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காகிதத்துக்குத்தான் மதிப்பு என்றால் நம் கேள்வியையும் அதில் ஏற்றிவிட வேண்டியதுதானே.

பணம் வரும் வழி

2013இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் காலத்தில் கலிபோர்னியா தன் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறையை அடியோடு மாற்றியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, ஈ.எல். பிள்ளை என்று இந்த மூன்றில் ஒன்றாக ஒரு பிள்ளை இருந்தால், அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக மாவட்டத்துக்கு வரும். அப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் மேலே ஒரு தொகை உண்டு. ஆக, உங்கள் பிள்ளையின் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த ஈ.எல். குறிப்பால் மாவட்டத்துக்குப் பணம் வருகிறது. அது எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

அந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்று ஒவ்வொரு மாவட்டமும் ஒரு திட்டம் எழுத வேண்டும். எல்காப் என்பார்கள். மூன்று வருடத் திட்டம், ஆண்டுதோறும் புதுப்பித்து ஜூலை 1க்குள் வாரியம் நிறைவேற்ற வேண்டும். ஈ.எல். பிள்ளைகள் 15 சதவீதமும் குறைந்தது 50 பேரும் இருக்கிற மாவட்டங்களில், வாரியத்துக்குப் போவதற்கு முன்னால் திட்ட வரைவை ஈ.எல். பெற்றோர் குழுவிடம் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் டீலாக்தான் அந்தக் குழுவாகவும் இருக்கும். குழு எழுதித் தருகிற கருத்துகளுக்கு மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் கூர்மையான கருவி இதுதான். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. ஈ.எல். பிள்ளைகளுக்கான கூடுதல் தொகையில் இத்தனை பங்கு எல்லாப் பிள்ளைகளுக்குமான பொது ஆலோசகர் சம்பளத்துக்குப் போகிறதே, அது ஈ.எல். பிள்ளைகளுக்கு எப்படி உதவுகிறது என்று எழுதிக் கேட்டால், செய்கிறோம், செய்யவில்லை, காரணம் இது என்று அவர் தன் பெயர் போட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை அடுத்த வருடம் எடுத்து நீட்டலாம். ஆனால் பல டீலாக்குகளில் வரைவு மே மாதக் கடைசியில், எழுத்துச் சின்னதாக நூற்றுக்கணக்கான பக்கங்களோடு வருகிறது. அப்போது எதுவும் சொல்லிப் பெரிய பயன் இல்லை. வேலையாட்களை எங்கே போடுவது என்று பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிவு செய்திருப்பார்கள். ஆகவே கருத்தைக் குளிர்காலத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது, அனுபவப்பட்ட அம்மாக்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஈ.எல். குறிப்பிலிருந்து பிள்ளையை எடுப்பதிலும் பெற்றோருக்கு இடம் உண்டு. அதற்கு நான்கு அளவுகோல்கள். எல்பாக்கில் மிக உயர்ந்த நான்காம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அடிப்படைத் திறனில் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பீடு. முதல் அளவுகோலை மாநிலம் நிர்ணயித்துவிட்டது. நான்காவதை எந்தத் தேர்வை வைத்து அளப்பது, எந்த மதிப்பெண்ணில் கோடு போடுவது என்பதில் மாவட்டத்துக்குக் கணிசமான சுதந்திரம் இருக்கிறது. அந்த விதியை டீலாக் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதன் கடமைப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் இருந்திருந்தால் போன வருடமே வெளியே வந்திருப்பான் என்று சில பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது இதனால்தான். எடுத்தபிறகும் நான்கு வருடம் அவன் படிப்பைக் கவனித்து வரவேண்டும் என்பது விதி. கவனிக்கிறார்களா என்று கேட்பதற்கும் இந்தக் குழுதான் இடம்.

மற்ற மாநிலங்களில் ஏற்பாடு வேறு மாதிரி. இல்லினாயில் இருமொழித் திட்டம் நடத்தும் மாவட்டங்களில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு வருடத்துக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். மாசசூசெட்ஸ் 2002இல் இருமொழிக் கல்வியை வாக்கெடுப்பில் முடக்கிவிட்டு, 2017இல் கொண்டுவந்த சட்டத்தில் அந்தக் கட்டைத் தளர்த்தியது; 100 ஈ.எல். பிள்ளைகளோ மொத்தத்தில் 5 சதவீதமோ, எது குறைவோ அதை எட்டிய மாவட்டங்கள் பெற்றோர் ஆலோசனை மன்றம் வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. டெக்சஸ்தான் ரொம்ப வித்தியாசம். அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் எந்தத் திட்டத்தில் சேர்ப்பது, எப்போது வெளியே எடுப்பது என்று தீர்மானிக்கிற குழுவிலேயே, மாவட்டத்தில் வேலை பார்க்காத ஒரு பெற்றோர் உறுப்பினராக இருக்கிறார். ஆலோசனை இல்லை, முடிவில் நேரடிப் பங்கு. ஆனால் ஊழியர்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் வெளியாள். கோப்புகள் வேகமாக நகரும்போது நிறுத்திக் கேள்வி கேட்க அவருக்குத் துணிச்சலும் பயிற்சியும் வேண்டும்.

தமிழ் வீடுகளில்

ஃப்ரீமான்ட், சாண்டா கிளாரா, சான் ரமோன், டப்ளின் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்குப் பூங்காவில் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் இதுவும் ஒன்று: “அக்கா, அந்த ஃபார்ம்ல எல்லாத்துக்கும் இங்கிலீஷ்னே போட்டுடுங்க. தமிழ்னு போட்டா புள்ளைய ஈ.எல்.ல தள்ளிடுவாங்க, அப்புறம் வெளிய வர்றது கஷ்டம்.”

சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஆறு வயதுப் பிள்ளை, அறிமுகமில்லாத ஆசிரியையின் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்து ஈ.எல். ஆன கதைகள் நிஜம்தான். ஒருமுறை ஏறிய குறிப்பு இறங்க வருடங்கள் ஆவதும் நிஜம். தேர்விலிருந்து விலக்குக் கேட்கவும் முடியாது. சேவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வருடாந்திரத் தேர்வு தொடரும். இந்தப் பயமெல்லாம் நியாயமானது. 2024இல் கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வே வேண்டாம் என்று மாநிலம் சட்டம் போட்டது, நான்கு வயதுப் பிள்ளையை அளக்க அது சரியான அளவுகோல் இல்லை என்ற வாதத்தை ஏற்றுத்தான். ஆசிரியர்களும் அமைப்புகளும் விடாமல் சொன்னதால் அது நடந்தது.

ஆனால் படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், நிஜமாகவே உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகிறது. எட்டாம் வகுப்பில் திருநெல்வேலியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து சேரும் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். தமிழ் வழியில் அறிவியல் படித்துவிட்டு வந்தவன், கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பான், ஆனால் வகுப்பில் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு மூச்சு முட்டும். அவனுக்கு அந்தத் தனி வகுப்பு வேண்டும், நல்ல ஆசிரியரோடு வேண்டும், அறிவியலையும் கணக்கையும் விட்டுக்கொடுக்காமல் வேண்டும். ஆங்கிலம் போதவில்லை என்ற காரணத்துக்காக முக்கியப் பாடங்களையோ பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான பாடங்களையோ மறுக்கக் கூடாது என்று 2018இல் கலிபோர்னியா சட்டம் போட்டிருக்கிறது. பள்ளியில் அது நடக்கிறதா என்று கேட்க ஈலாக்கில் ஒரு தமிழ்க் குரலாவது இருக்க வேண்டாமா?

இருக்கிற ஒன்றிரண்டு தமிழ்ப் பெற்றோரும் பெரும்பாலும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் ஓடுகிறது. பள்ளியில் 15 சதவீதப் பிள்ளைகளின் தாய்மொழியாக ஒரு மொழி இருந்தால்தான் அறிவிப்புகளை அந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்பது மாநில விதி. தமிழ் அந்தக் கோட்டைத் தொடும் பள்ளிகள் மிக அரிது. ஆனால் மத்திய சிவில் உரிமைச் சட்டத்தின்படி, ஆங்கிலம் சரியாகப் புரியாத பெற்றோருக்கு முக்கியச் செய்திகளைப் புரிகிற மொழியில் சொல்லும் கடமை பள்ளிக்கு உண்டு. அதற்குச் சதவீதக் கணக்கு கிடையாது. கேட்டால் தொலைபேசி வழியாகவாவது தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். தம்பியையோ அக்காவையோ வைத்து மொழிபெயர்க்கச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் புகாரைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கிற பன்னிரண்டு வயதுப் பையன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கடமைகள் எல்லாவற்றையும் விரிவாக ஒரே இடத்தில் எழுதி, மத்தியக் கல்வித் துறையும் நீதித் துறையும் 2015 ஜனவரியில் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுக் கடிதம் அனுப்பியிருந்தன. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்பது அதில் தெளிவாக இருந்தது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அதிகாரப்பூர்வ மொழியாக அறிவித்து ஆணையிட்டார். ஆகஸ்டில் அந்த 2015 கடிதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மத்தியக் கல்வித் துறையில் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளுக்கான பிரிவில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அதே வருடம் வேலை இழந்தார்கள். கடிதம் போனாலும் அது சுட்டிக்காட்டிய சட்டங்கள் போகவில்லை. 1964 சட்டமும் லாவ் தீர்ப்பும் 1974இன் சம கல்வி வாய்ப்புச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. கண்காணிக்க வாஷிங்டனில் ஆள் குறைந்துவிட்டபோது, ஈலாக்கும் டீலாக்கும் போன்ற மாநில ஏற்பாடுகளின் மேல் பாரம் கூடுகிறது. இங்கே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லையென்றால் வேறு யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

குழுவே அமைக்காமல், தேர்தலே நடத்தாமல், வெறும் கையெழுத்துத் தாளை மட்டும் நிரப்புகிற பள்ளிகளும் இருக்கின்றன. அதற்குப் புகார் முறை ஒன்று உண்டு. எழுத்தில் புகார் கொடுத்தால் மாவட்டம் 60 நாட்களுக்குள் விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மாநிலக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

அதுவரை போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. புதிதாக ஈலாக்குக்குப் போகிற ஒருவர் முதல் கூட்டத்தில் மூன்று காகிதங்களைக் கேட்டாலே நிலவரம் புரிந்துவிடும். போன வருடத்துக் கூட்டக் குறிப்புகள், ஈ.எல். குறிப்பிலிருந்து பிள்ளைகளை எடுக்க மாவட்டம் வைத்திருக்கும் விதி, டீலாக் கருத்துகளுக்குக் கண்காணிப்பாளர் எழுதிய பதில். மூன்றும் பெற்றோர் பார்க்க உரிமையுள்ள காகிதங்கள். மூன்றாவது காகிதம் இல்லை என்று சொன்னால், போன வருடம் யாரும் கருத்தே எழுதிக் கொடுக்கவில்லையா அல்லது எழுதியும் பதில் வரவில்லையா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.